சாயாத வண்டி

கொல்லிமலை அடிவாரத்தில் ஓர் ஆசானும் ஒரு சீடரும் இருந்தார்கள். ஆசானுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு அறுபத்தொன்று.

ஆசான் பெயர் தமயந்தி. மலைப்பாதை தொடங்கும் இடத்தில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் தகரக்கூரைப் பட்டறை அவளுடையது. ஜீப், டெம்போ, பிக்கப் என்று எது வந்தாலும் அடியில் படுத்து எழுந்து வருவாள். சீடர் சிங்காரவேலு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தமயந்திக்கே ஒன்பதாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். முழு ஆண்டுத் தேர்வில் அவளுக்கு முப்பத்து நான்கு மார்க் போட்டு, ஒரே ஒரு மார்க்கில் மறுபடி அதே வகுப்பில் உட்கார வைத்தவரும் அவரேதான்.

பழி வாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்? அவளோ வாங்கவில்லை.

"அந்த ஒரு மார்க்கைப் போட்டிருக்கலாம்மா," என்றார் அவர், பட்டறைக்குத் தொழில் பழக வந்த முதல் நாள்.

"விடுங்க சார். ரெண்டு தடவை படிச்சதாலதான் வட்டத்தோட சுற்றளவு இன்னிக்கும் மறக்கல."

ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள்.

"கேள்வி எத்தன வேணும்னாலும் கேளுங்க சார். பதில் எப்ப வரும்னு மட்டும் கேக்காதீங்க."

முப்பது வருடம், கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதிலை எதிர்பார்த்த மனிதருக்கு இது வேப்பெண்ணெயாக இருந்தது. ஆனாலும் குடித்தார்.

அவர் தொழில் பழக வந்தது பொழுது போகாமல் அல்ல. மரகதத்துக்காக.

மரகதம் அவர் மனைவி. ஓய்வு பெற்ற கையோடு இருவரும் மலைமேல் ஒரு மிளகுத் தோட்டம் வாங்கி, அதிலேயே சின்னதாக வீடு கட்டிக்கொண்டார்கள். மேலே ஏறி இறங்க ஒரு பழைய பிக்கப். ஆவணியில் ஒருநாள் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, முப்பத்தெட்டாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்தது. கவிழவில்லை. சாய்ந்து நிமிர்ந்துவிட்டது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த மரகதம் "ஐயோ, சாயுதுங்க!" என்று அலறினாள்.

"சும்மா இரு. வண்டி ஓட்டறது நானா, நீயா?" என்றார் சிங்காரவேலு.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வளைவில் அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

மரகதம் சண்டை போடவில்லை. அடிவாரம் வந்ததும் இறங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்குப் பஸ். அவர் பிக்கப்பில் போவார், அவள் பஸ்ஸில் போவாள், இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தான் போய்ச் சேர்வார்கள். அடிவாரமே வேடிக்கை பார்த்தது. அந்தப் பஸ்ஸோ எழுபது வளைவுக்கும் உலுக்கி எடுக்கிற பஸ். கார்த்திகையில் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே மரகதம் சொன்னாள்:

"முட்டி தாங்கலீங்க. தை பொறந்தா நான் ராசிபுரத்துல தங்கச்சி வீட்டோட இருந்துக்கறேன். நீங்க தோட்டத்தப் பாத்துக்கங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பார். அவளோ, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். வண்டி ஓட்டும்போது எதையாவது சொல்லலாம் என்று இடப்பக்கம் திரும்புவார். வெறும் சீட் இருக்கும். அறுபத்தொரு வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழ முடியுமா? முடிந்தது. ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி அழுதார்.

"வண்டி சாயாம இருக்க ஒரு வழி சொல்லும்மா," என்று ஆசானிடம் கேட்டார்.

எட்டு நாள் கழித்துத் தமயந்தி பதில் சொன்னாள்.

"பின்பக்கம் ஒரு ஸ்டெபிலைசர் ராடு போடலாம் சார். உங்க வண்டிக்குக் கம்பெனில அது வர்றதில்ல. வெளிய வாங்கித்தான் போடணும்."

கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தார்கள். 'ப' என்ற எழுத்தைப் போல வளைந்த கனத்த இரும்புக் கம்பி. அதன் நடுப்பகுதியைப் பின்அச்சோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இரண்டு கைகளையும் வண்டியின் சட்டத்தோடு இரண்டு பக்கமும் மாட்ட வேண்டும். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயப் பார்த்தால், கம்பி முறுக்கிக்கொண்டு மறுபக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு கையின் நுனியிலும் மூன்று ஓட்டைகள் இருந்தன. வெளி ஓட்டையில் மாட்டினால் இளக்கம், நடுவில் மாட்டினால் மத்திமம், உள் ஓட்டையில் மாட்டினால் இறுக்கம் என்று கூடவே வந்த காகிதம் சொன்னது.

"நானே மாட்டறேன்," என்றார் சிங்காரவேலு.

"தாராளமா."

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டார். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, பின்அச்சில் நாலு வருடத்துச் சேற்றைச் சுரண்டினார். சட்டைப்பையில் இன்னும் சாக்பீஸ் வைத்துக்கொண்டிருக்கிற ஆள் அவர். இரண்டு பக்கமும் அளந்து சாக்பீஸால் குறி போட்டார். ரப்பர் புஷ்ஷுக்குக் கிரீஸ் தடவினார். யு போல்ட்டை மாட்டி, கைகளைச் சட்டத்தோடு இணைத்து, முகம் சிவக்க முடுக்கினார். தமயந்தி பக்கத்தில் ஒரு ஜீப்பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முடித்து எழுந்தபோதுதான் கேட்டாள்.

"எந்த ஓட்டைல மாட்டுனீங்க சார்?"

"உள் ஓட்டை. இருக்கறதுலயே இறுக்கம்."

"ஏன்?"

"சாயவே கூடாது."

"சரிங்க. ஏறுங்க, ஓட்டிப் பாத்துரலாம்."

அவர் டிரைவர் பக்கம் போவதற்குள் அவள் அங்கே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பக்கம் சார்," என்றாள்.

இடப்பக்கம் போய் ஏறினார். தன் வண்டியில் அந்தச் சீட்டில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை. பின்னால் மிளகுக் கொடிகளுக்கென்று வாங்கிய கோழி எரு பதினைந்து மூட்டை கிடந்தது. தூறல் விழுந்து ரோடு நனைந்திருந்தது.

முதல் பத்து வளைவுகளில் வண்டி பாறை மாதிரி நின்றது. சிங்காரவேலு அகமகிழ்ந்து போனார். ஆனால் ரோட்டில் எங்கேயாவது ஒரு சக்கரம் குழியில் விழுந்தால், மொத்த வண்டியும் தூக்கிப் போட்டது. பன்னிரண்டாவது வளைவைத் தாண்டியதும் இடப்பக்கக் கண்ணாடி வழியே கீழே பார்த்தார். ரோடு தெரியவில்லை. மரத்தின் உச்சிகள்தான் தெரிந்தன. டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் இவ்வளவு பள்ளம் இருப்பதே தெரியாது. அவர் கை தானாக மேலே போய், ஜன்னலுக்கு மேலிருந்த பிடியைப் பற்றியது.

"கொஞ்சம் மெதுவா போம்மா."

தமயந்தி ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"சும்மா இருங்க சார். வண்டி ஓட்டறது நானா, நீங்களா?"

சிங்காரவேலுவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

பதினேழாவது வளைவு செங்குத்தாக ஏறித் திரும்புவது. பாதி திரும்பும்போது உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையில் பிடியில்லாமல் விர்ரென்று சுற்றியது. வண்டி ஏறவில்லை. பின்பக்கம் ஒரு சாண் நழுவியது. தமயந்தி நிதானமாக நிறுத்தி, வண்டியைப் பின்னால் விட்டு, ஓரத்தில் சமமான இடமாகப் பார்த்து ஒதுக்கினாள்.

இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்தாள். சிங்காரவேலுவும் இறங்கினார்.

"வண்டி சாயவே இல்லையேம்மா?"

"ஆமா சார். சாயல."

"அப்புறம் ஏன்?"

"வெளிச்சக்கரம் அமுங்குச்சு. ராடு உள்சக்கரத்தையும் கூடவே மேல தூக்கிருச்சு. அதுபாட்டுக்கு அது தரையத் தொட நீங்க விடலையே."

அவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு அடியில் போனார்.

"மூட்டையை இறக்கிட்டுக் கழட்டட்டுமா?"

"வேண்டாம் சார். எடை இருக்கறப்பவே முடுக்குங்க. காலைல அந்தரத்துல தூக்கி வெச்சு முடுக்கிட்டீங்க."

உள் ஓட்டையிலிருந்து கழற்றினார். வெளி ஓட்டையில் மாட்டினார். அடியிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"நான் அவகிட்டச் சொன்னது உனக்கு எப்படித் தெரியும்?"

"பஸ்ஸுக்கு நிக்கறப்ப நம்ம பட்டறைல வந்துதான் டீ குடிப்பாங்க."

"கோவமாச் சொன்னாளா?"

"இல்ல சார். சிரிச்சுட்டேதான் சொன்னாங்க. டீ மட்டும் சிந்திருச்சு."

ஸ்பானர் சத்தம் நின்றுபோனது. மறுபடி கேட்க வெகுநேரம் ஆயிற்று. தமயந்தி அவசரப்படுத்தவில்லை. தடுப்புச்சுவரில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி இறங்கும்போதும் அவளே ஓட்டினாள். அவர் இடப்பக்கம். முதல் வளைவில் வண்டி மெல்லச் சாய்ந்தது.

"சாயுது," என்றார்.

"ஆமா."

இரண்டு வளைவு போனது.

"சாஞ்சு, வந்துருது."

"ம்."

"பிடிய இன்னும் விடல நானு."

"விடாதீங்க சார். யாரு விடச் சொன்னா?"

அடிவாரம் வரும்போது மணி பத்தரை. எதிரே பஸ் நிறுத்தத்தில் மரகதம் நின்றுகொண்டிருந்தாள். ராசிபுரத்தில் தங்கச்சியைப் பார்த்துவிட்டு வந்து இறங்கியிருந்தாள். கையில் ஒரு பை, முட்டியில் ஒரு துணிக்கட்டு. பதினொரு மணிப் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். தமயந்தி சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். சிங்காரவேலு நகரவில்லை.

"அவகிட்ட என்னன்னு சொல்றது?"

"என்னைய எதுக்குக் கேக்கறீங்க? இன்னிக்கு அந்தச் சீட்டுல ஒக்காந்து வந்தது நீங்கதான சார்."

இந்தத் தடவை பதில் உடனே வந்துவிட்டது. சீடர்தான் புறப்பட நேரம் எடுத்துக்கொண்டார்.

வண்டியை எடுக்காமல் நடந்தே ரோட்டைக் கடந்தார். முழங்கை வரை கிரீஸ், முதுகெல்லாம் சேறு, மேலெல்லாம் கோழி எரு வாசனை. கல்யாணத்தன்று மணவறையில் நின்றபோதுகூட அவருக்கு இவ்வளவு கூச்சம் இல்லை.

"என்னங்க இது கோலம்?" என்றாள் மரகதம். பிறகு எதிரே வண்டியைப் பார்த்தாள். "ஏதோ ராடு போடறதாத் தமயந்தி சொல்லிட்டிருந்தா. போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சு."

"இனிச் சாயாதுங்களா?"

இந்தக் கேள்விக்குச் சாயவே சாயாது என்ற பதிலைப் பத்து நாளாக அவர் நாக்கிலேயே வைத்திருந்தார். கோயம்புத்தூருக்கு ஆர்டர் போட்டதே அதைச் சொல்வதற்காகத்தான்.

"சாயும்," என்றார்.

மரகதம் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சாஞ்சாச் சொல்லு. நிறுத்திர்றேன். அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது மரகதம். அந்தப் பக்கம் அவ்வளவு பள்ளம் இருக்கும்னு எனக்குத் தெரியாது."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, "அம்மா, ஏறலீங்களா?" என்று கேட்டார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஜன்னலோரம் வந்துவிட்டார்கள். மரகதம் பஸ்ஸைப் பார்த்தாள், அவர் முதுகில் இருந்த சேற்றைப் பார்த்தாள். பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பிக்கப்பை நோக்கி நடந்தாள்.

மெதுவாகத்தான் ஏறினார்கள். பதினோராவது வளைவில் வண்டி லேசாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது.

"நிறுத்துங்க," என்றாள் மரகதம்.

ஓரம் கட்டி நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இன்ஜினையும் அணைத்தார். பின்னால் வந்த பால் வண்டி ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது. மரகதம் கண்ணாடி வழியே கீழே பார்த்தாள். அப்புறம் திரும்பி, அவரை நெடுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல, போங்க," என்றாள்.

எதற்கு நிறுத்தச் சொன்னாய் என்று சிங்காரவேலு கேட்கவில்லை.