கூரையைக் கழற்றிய விகடர்

முன்னொரு காலத்தில், பெயர் எனக்கே மறந்துபோன ஒரு நாட்டில், அரசருக்கு ஓர் ஆசை வந்தது. நாட்டிலேயே கெட்டிக்காரப் பிள்ளைகள் நாற்பது பேரைப் பொறுக்கியெடுத்து ஒரே பள்ளியில் படிக்க வைக்க வேண்டும். நல்ல ஆசைதான். பள்ளிக்கு உழவர்கள் நெல் கொடுத்தார்கள், செக்காட்டுகிறவர்கள் எண்ணெய் கொடுத்தார்கள், சூளைக்காரர்கள் கூரைக்கு ஓடு கொடுத்தார்கள். போதாததற்கு, ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் சூளைக்காரர்களே கூலி வாங்காமல் வந்து ஓடு மாற்றிவிட்டும் போவார்கள். உள்ளே படித்த நாற்பது பேர் மட்டும், எப்படியோ, அரண்மனைத் தெருப் பிள்ளைகளாகவே அமைந்துபோனார்கள்.

அதெப்படி என்று கேட்கத் துணிந்தவர் அரசவை விகடர் ஏகாம்பரம் ஒருவர்தான். சூளைக்கார மருதப்பனின் மகள் அஞ்சலையை அவருக்குத் தெரியும். பன்னிரண்டு வயது. ஒரு வீட்டின் நீள அகலத்தைச் சொன்னால், மண்ணை மிதித்துக்கொண்டே எத்தனை ஓடு பிடிக்கும் என்று சொல்லிவிடுவாள். அந்தப் பெண் பள்ளித் தேர்வில் தோற்றுவிட்டு, சூளைக்குப் பின்னால் போய் யாருக்கும் தெரியாமல் அழுததை ஏகாம்பரம் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சபையில் அவர் பேச்சை எடுத்ததும் தலைமைப் பண்டிதர் அம்பலவாணர் எழுந்தார். தேர்வு வினாக்களை எழுதுகிறவர் அவர்தான். அதே தேர்வுக்கு வீட்டில் தனிப்பாடம் நடத்துகிறவரும் அவர்தான். விகடரைக் கவிழ்க்க நெடுநாளாகச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரசே, தேர்வு அனைவருக்கும் பொது. தேறாதவர் பள்ளிக் கூரையின் கீழ் அமரலாகாது என்பது தங்கள் ஆணை. அந்த ஆணையை மீறாமல் விகடர் அப்பெண்ணை ஒரு நாள் வகுப்பில் அமர்த்திக் காட்டட்டும். இயலாவிட்டால் சபையை விட்டு நீங்கட்டும்."

அரசருக்குப் பந்தயம் என்றால் போதும். "பத்து நாள் அவகாசம். சம்மதமா, ஏகாம்பரம்?"

"சம்மதம், அரசே. தங்கள் ஆணையில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்."

ஒன்பது நாளும் விகடர் வெற்றிலை போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினார். வாழ்வு முடிந்தது என்று சபையினர் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். பத்தாம் நாள் காலையில் அம்பலவாணர் மேல்துண்டு நழுவ அரண்மனைக்கு ஓடிவந்தார்.

"அரசே, பள்ளியின் கூரையைக் காணவில்லை."

அரசர் போய்ப் பார்த்தார். உண்மைதான். ஓடெல்லாம் முற்றத்தில் அடுக்கியிருந்தது. மேலே வெறும் மரச்சட்டங்கள், அவற்றின்மேல் சூளைக்காரர்கள். கீழே வழக்கமான நாற்பது பிள்ளைகள். முன்வரிசையில் நாற்பத்தொன்றாவதாக அஞ்சலை.

"இது என்ன கூத்து, ஏகாம்பரம்?"

"ஆண்டுதோறும் நடக்கும் வேலைதான், அரசே. இந்த ஆண்டு சற்று முன்னதாகத் தொடங்கி, மொத்தமாக இறக்கச் சொன்னேன். இவள் கூரையின் கீழ் அமரவில்லை. கூரை அதோ முற்றத்தில் இருக்கிறது."

அரசர் மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அஞ்சலையிடம் திரும்பினார். "இன்று என்ன பாடம் நடந்தது?"

அவள் எழுந்து, ஆசிரியர் சொன்ன கணக்கை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தாள். அதையே இரண்டு வரியில் முடிக்க இன்னொரு வழி இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொல்லவும் செய்தாள். ஆசிரியர் தலையாட்டினார்.

"பின் ஏன் தேர்வில் தோற்றாய்?"

"மகாராணி ஊஞ்சல்ல எத்தனை மணி தொங்குதுன்னு கேட்டிருந்தாங்க, மகாராசா. நான் அந்த ஊஞ்சலைப் பார்த்ததில்லீங்க."

"எத்தனை மணி?" என்று அரசர் தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார். யோசித்தார். "எனக்கே தெரியாதே."

"கூர்ந்து நோக்கும் திறனைச் சோதிக்கும் வினா, அரசே," என்றார் பண்டிதர். "எப்படியிருந்தாலும் ஓடு ஏறியதும் அவள் வெளியேறியாக வேண்டும்."

"அதுவும் நியாயம்தான்," என்ற ஏகாம்பரம் அண்ணாந்து பார்த்தார். "மருதப்பா, நீ ஓடு போட்டு முடித்தால் உன் மகள் எழுந்து போக வேண்டுமாம். போடுகிறாயா?"

மருதப்பன் மேலிருந்து முற்றத்தில் அடுக்கியிருந்த ஓடுகளைப் பார்த்தான்.

"போடுறேனுங்க," என்றான் மருதப்பன். "வருசா வருசம் போடுறதுதானே. மழை வந்தா மத்தப் பிள்ளைங்க நனைஞ்சிடும்ல."

அரசரால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. பண்டிதர் பக்கம் திரும்பி, "பண்டிதரே," என்றார், "இனி வினாக்களை ஊஞ்சலில் தேட வேண்டாம். ஊர் ஊராகப் போய் எல்லாப் பிள்ளைகளுக்கும் செலவில்லாமல் பாடம் நடத்தும். நடத்திய பாடத்திலிருந்து மட்டும் கேளும். இடம் போதாவிட்டால் அரண்மனைச் செலவில் இன்னொரு கட்டடம் எழுப்புகிறேன். முதல் வகுப்பு நாளைக்கே, சூளை மேட்டில்."

பட்டுக் கரை வேட்டியும் சூளைப் புகையுமாகப் பண்டிதரை நினைத்துப் பார்த்ததும் அரசருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதே சிரிப்போடு முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரத்தின் கழுத்தில் போட்டார். "அந்தப் பெண் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்," என்றார்.

மாலைக்குள் ஒரே ஓர் ஓடு தவிரக் கூரை மூடப்பட்டுவிட்டது. கடைசி ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருதப்பன் அது மூட வேண்டிய இடைவெளி வழியாகக் கீழே பார்த்தான். மகள் நிமிர்ந்து பார்ப்பாள் என்று காத்திருந்தான். அவள் பாடத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அவன் ஓட்டைப் பொருத்திவிட்டு, சத்தம் வராமல் இறங்கிப் போனான்.