செம்பொரி உரித்த சட்டை

அந்தக் காலத்தில் நோய்களும் கண்ணுக்குத் தெரியும். ஓணான் அளவில் இருக்கும், பேசும், கோடையில் பாம்பைப் போலச் சட்டை உரிக்கும். ஆளைப் பிடிக்கும்போது மட்டும் தூசியாகச் சுருங்கி மூச்சோடு உள்ளே போய்விடும். அவற்றில் செம்பொரி என்று ஒன்று இருந்தது. உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. பால்மணம் மாறாத பிள்ளைகள் என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

உடம்புக்குள் அப்போதும் காவல் இருந்தது. ரத்தத்தில் ஆயிரம் ஆயிரம் வெள்ளைக் காவலர்கள் கையில் கம்போடு சுற்றி வருவார்கள். பலசாலிகள்தான். ஆனால் நம் ஊர்க்காரர்கள் அல்லவா? முன்பின் தெரியாத யார் வந்தாலும் விருந்தாளி என்று நினைத்துவிடுவார்கள்.

பனங்காட்டில் வடிவு என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய மூத்த மகனுக்கு இரண்டு வயதில் செம்பொரி வந்தது. பிள்ளையின் மார்பில் காதை வைத்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க, வாங்க. எந்த ஊரு? மோரு குடிக்கியளா?" என்று உள்ளே உபசாரம் நடந்தது.

வந்தது யாரென்று புரிந்து அவர்கள் கம்பை ஓங்குவதற்குள் மூன்று நாள் ஓடிவிட்டது. பிள்ளையும் போய்விட்டான். காவலர்கள் மேல் வடிவுக்குக் கோபம் வரவில்லை. தெரியாதவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

அடுத்துப் பிறந்தவள் முத்துப்பேச்சி. அவளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது, செம்பொரி பக்கத்து ஊருக்கு வந்துவிட்டதென்று சேதி வந்தது. வடிவுக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டில் நடந்துகொண்டே இருந்தாள்.

அங்கே ஒரு தவிட்டுக்குருவி, காய்ந்த பாம்புச் சட்டையைத் தன் குஞ்சுகளுக்கு முன்னால் இழுத்துப் போட்டிருந்தது. குஞ்சுகள் கத்திக்கொண்டு கொத்தின.

"ஏ குருவி, பச்சப் பிள்ளையளப் போட்டு ஏன் இப்படிப் பயங்காட்டுத?" என்று கேட்டாள் வடிவு.

"சட்டை கடிக்காதுல்லா? நாளைக்கு நெசப் பாம்பு வந்தா இதுகளுக்கு ஆளு தெரியணும் தாயி. நான் எந்நேரமும் கூட்டுலயே இருக்க முடியுமா?"

வடிவுக்குச் செம்பொரியின் சட்டை நினைவுக்கு வந்தது. உடனே ஊர் எல்லைக்கு ஓடினாள். அங்கே ஒரு பனையின் சொரசொரப்பில்தான் செம்பொரி உடம்பைத் தேய்த்துச் சட்டை உரிக்கும். போன கோடையில் உரித்தது இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வெங்காயச் சருகு போல மெல்லிசு, அதே சிவப்புப் புள்ளிகள். அதைத் தொடக் கை கூசியது. மகனைக் கொண்டுபோனதன் தோல் அல்லவா? ஆனாலும் எடுத்தாள். துளி உயிரும் ஒட்டியிருக்கக் கூடாதென்று மேலும் மூன்று நாள் சுடுமணலில் காயப்போட்டாள்.

நாலாம் நாள், அதில் அரிசி அளவு கிள்ளிக் கருவேல முள் நுனியில் வைத்தாள். குழந்தையின் உடம்பில் எங்கே குத்துவது? எங்கும் மனசு வரவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு புஜத்தில் குத்தினாள். முத்துப்பேச்சி வீறிட்டாள். பெற்றவளா இப்படிச் செய்தாள் என்பது போல அம்மாவையே பார்த்துப் பார்த்து அழுதாள். அவளைவிட வடிவுதான் அதிகம் அழுதாள்.

"யாருய்யா இது? பேச்சு மூச்சைக் காணோமே. விருந்தாளியா?" என்று உள்ளே குரல் கேட்டது.

வடிவு புஜத்தருகே வாயை வைத்துச் சொன்னாள். "விருந்தாளி இல்ல, ஐயா. என் மூத்தவனக் கொண்டுபோனது இதுதான். நல்லாப் பாத்து வச்சுக்கிடுங்க."

அதைக் கேட்டதும் தலை முதல் கால் வரை இருந்த காவலர்கள் எல்லாரும் அந்த இடத்துக்கு ஓடி வந்தார்கள். கூட்டம் தாங்காமல் கை வீங்கியது. கம்பெடுத்துச் சட்டையை அடித்துப் பழகினார்கள், அந்தச் சூட்டில் உடம்பு கொதித்தது. வடிவு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். மறுநாள் சூடு தணிந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

இருபது நாள் கழித்துச் செம்பொரி வந்தது. முத்துப்பேச்சியின் மூச்சோடு உள்ளே போய், "எங்கப்பா, மோரக் காணோம்?" என்று அதிகாரமாகக் கேட்டது.

"வாலே, வா. ஒனக்காகத்தான் காத்துக்கெடக்கோம்!"

விழுந்த அடியில் அதற்கு வந்த வழியே தெரியவில்லை. முத்துப்பேச்சி ஒரே ஒரு தும்மல் போட்டாள். அவ்வளவுதான். பிறகு அம்மாவின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்து விளையாடத் தொடங்கினாள்.

வடிவு மிச்சச் சட்டையைக் கிள்ளிக் கிள்ளி ஊரில் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். எந்த உடம்பிலும் மோர் கிடைக்காத செம்பொரி, வெட்கத்தில் தூசியாகவே இருந்துவிட்டது.

அன்று முதல்தான் தடுப்பூசி போட்ட கை வீங்கி, பிள்ளைக்கு ஒரு நாள் உடம்பு சுடுகிறது. உள்ளே காவலர்கள் பழகுகிறார்கள் என்று தெரிந்தாலும், எந்த அம்மாவும் அன்றைக்கு மட்டும் பிள்ளையைக் கீழே இறக்கி விடுவதில்லை.