குறுக்குக் கம்பி இல்லாத ரேக்

குரு என்றால் தாடியும் மரத்தடியும் வேண்டும் என்று நினைப்பவர்கள் தூத்துக்குடியில் கனி மாஸ்டரைப் பார்த்தால் ஏமாந்துதான் போவார்கள். முழுப்பெயர் செந்தூர்க்கனி. வயது முப்பதுக்கு மேல் இருக்காது. கழுத்தில் விசில், உள்ளங்கையில் பிடி வழுக்காமலிருக்கப் பூசிய வெள்ளைத்தூள். முன்பு உப்பு லாரிகள் நின்ற ஷெட்டில் ஜிம் நடத்துகிறார். எடை தூக்கச் சொல்லித் தருபவர் யாரானாலும் இந்த ஊருக்கு அவர் மாஸ்டர். ஆணா பெண்ணா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஒரு நாள் காலையில், கூட்டம் கலைந்த பிறகு, அவரிடம் கஸ்பார் ஒரு கேள்வியோடு வந்தார்.

கஸ்பாருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீசில் மேனேஜர். போன தடவை மாதா கோவில் திருவிழாவின்போது முதுகில் அடிபட்டவர், அதன் பிறகு ஜிம் பக்கம் தலைகாட்டவில்லை.

"வாங்க அண்ணாச்சி. முதுகு எப்படி இருக்கு?"

"முதுகு தேறிட்டு. மெதுவா ஆரம்பிக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. மனசுதான் தேறல."

மனசைப் பற்றி மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. கஸ்பார் போனை எடுத்து நீட்டினார்.

"வீட்டு மாடியில சின்னதா ஒரு ஜிம் போடப்போறேன். ஒரு ஸ்குவாட் ரேக் வேணும். பட்ஜெட் கம்மி. எத வாங்கட்டும்னு நீங்கதான் சொல்லணும்."

எடை மாட்டிய இரும்பு ராடைத் தோளில் வாங்கி உட்கார்ந்து எழுவதற்கான ரேக்குகள், மூன்று படங்கள் போனில் இருந்தன. முதலாவது நாலு தூண் வைத்த கூண்டு. அதன் விலையைக் கேட்டு கஸ்பாரின் மனைவி, அதற்குள் குடியே போய்விடலாமே என்று சொல்லியிருந்தார். இரண்டாவது, இரண்டு தூணும், எழ முடியாமல் போனால் ராடைத் தாங்கிக்கொள்ள இடுப்பு உயரத்தில் இரண்டு குறுக்குக் கம்பியும் உள்ளது. மூன்றாவது வெறும் இரண்டு ஸ்டாண்டு. விலை மலிவு. அந்தப் படத்துக்கு வந்ததும் கஸ்பார் விரலை எடுக்கவில்லை.

"இது போதும்லா மாஸ்டர்? ராட இதுல வைக்கலாம், எடுக்கலாம். வேற என்ன வேணும்?"

"உக்காந்துட்டு எந்திரிக்க முடியலன்னா?"

"எந்திரிப்பேன்."

"முடியலன்னா, அண்ணாச்சி?"

கஸ்பார் சிரிக்கப் பார்த்தார். "நீங்க அந்தக் குறுக்குக் கம்பியச் சொல்லுதீய. அதுக்கு மட்டும் ஏறக்குறைய ரெட்டிப்பு வெல சொல்லுதான். சும்மா கெடக்குற ரெண்டு இரும்புக்கு அம்புட்டு காசா?"

"சரி. சப்போர்ட்டுக்கு யாரு?"

சப்போர்ட் என்றால், ராடைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுபவனுக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் ஆள். எழ முடியாமல் திணறினால் அவன்தான் தாங்கவேண்டும்.

கஸ்பாரின் முகம் மாறிவிட்டது.

"யாரும் வேண்டாம். அதுக்குத்தான வீட்டுல போடுதேன். இனிமே எம் பின்னாடி ஒரு பய நிக்கக் கூடாது."

அந்த ஒரு பய என்பது இன்னாசி. இருவரும் மீசை முளைக்காத நாளிலிருந்து சேர்ந்து எடை தூக்கியவர்கள். இன்னாசி சொந்தமாக ஸ்கூல் வேன் ஓட்டினார். காலையில் பிள்ளைகளை ஏற்றப் போகும் முன் ஜிம்முக்கு வந்துவிடுவார். கஸ்பாருக்குப் பின்னால் இன்னாசி நிற்பார், இன்னாசிக்குப் பின்னால் கஸ்பார் நிற்பார். இருவருக்கும் நடுவே வேறு யாரும் வந்ததில்லை.

திருவிழாச் சமயத்தில் ஒரு நாள் கஸ்பார் வழக்கத்தைவிடக் கூடுதலாக எடை ஏற்றினார். குறுக்குக் கம்பி உரசுகிறது, ஆழமாக உட்கார முடியவில்லை என்று கம்பிகளைக் கழற்றி வைத்தார். "இன்னாசி இருக்கான்லா, கம்பி எதுக்கு?" என்று பெருமையாகச் சொன்னார். உட்கார்ந்தார். பாதியில் எழ முடியவில்லை. கத்தினார். இன்னாசி கையை எடுத்துவிட்டார். கஸ்பார் முன்பக்கமாக விழுந்தார். ராடு முதுகில் உருண்டது.

இந்தக் கதையை கஸ்பார் ஊர் முழுக்கச் சொன்னார். ஆபீசில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், பூசை முடிந்து வெளியே வரும்போதும் சொன்னார். "விடாத, விடாதன்னு கத்துதேன். கைய விட்டுட்டான். கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சேன், கைவிட்டுட்டான்." சொல்லச் சொல்ல கதை மெருகேறிக்கொண்டே போனது. இன்னாசி ஒருமுறைகூட மறுத்துப் பேசவில்லை. அதுவே போதும், குற்றமுள்ள நெஞ்சு என்று கஸ்பார் முடிவு கட்டினார்.

இன்னாசி ஒரு தடவை வீட்டுக்கு வந்தார். வலது கையில் ஆரஞ்சுப்பழப் பை. இடது கையை பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தார். பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் நின்றார். கஸ்பார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"பாத்தியா, எம்புட்டுத் தெனாவெட்டு! செய்யதையும் செஞ்சிட்டு பாக்கெட்டுல கைய விட்டுட்டு நிக்கான்" என்று பிறகு மனைவியிடம் பொருமினார்.

அதற்குப் பின் இன்னாசியின் வேனை வேறொரு ஆள் ஓட்டி வந்தான். என் முகத்தில் விழிக்கப் பயந்து டிரைவர் போட்டிருக்கிறான் என்று கஸ்பார் நினைத்துக்கொண்டார். நினைத்ததில் கொஞ்சம் திருப்தியும் இருந்தது.

இதெல்லாம் மாஸ்டருக்கும் தெரியும். அன்று அவர் பக்கத்து ரேக்கில்தான் நின்றார்.

"சட்டைய மாத்திட்டு வாங்க" என்றார் மாஸ்டர்.

"எதுக்கு?"

"ரேக் கேட்டீயள்ளா. பாத்து எடுத்துருவோம்."

கஸ்பார் உடை மாற்றி, கை கால்களை உதறித் தயாரானார். மாஸ்டர் ரேக்கில் குறுக்குக் கம்பிகளை இரண்டு பக்கமும் மாட்டி, ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தார். ராடில் சின்ன பிளேட்டுகளாகப் போட்டார். தன் போனை எதிரே பெஞ்சில் சாய்த்து வீடியோ ஓடவிட்டார். முழங்கால் வளைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அங்கே எல்லோரையும் அப்படிப் பிடிப்பது வழக்கம்.

"எடை ரொம்பக் கம்மியால்லா இருக்கு?" என்றார் கஸ்பார்.

"கம்மிதான். ஆனா நான் போதும்னு சொல்லுத வரைக்கும் நிறுத்தக் கூடாது. முதுகுல சுருக்குன்னா மட்டும் சொல்லுங்க."

மாஸ்டர் பின்னால் போய் நின்றார். கைகளை நீட்டிக்கொண்டார்.

பின்னால் ஒரு ஆள் நிற்பது பிடிக்காவிட்டாலும், ராடைத் தோளில் வாங்கியதும் கஸ்பாருக்குப் பழைய சந்தோஷம் வந்துவிட்டது. உட்கார்ந்தார், எழுந்தார். உட்கார்ந்தார், எழுந்தார். முதலில் பேச்சுக்கூடக் கொடுத்தார். பிறகு பேச்சு நின்றது. தொடை நடுங்கத் தொடங்கியது. மாஸ்டர் போதும் என்று சொல்லவே இல்லை.

ஒரு தடவை பாதியில் அப்படியே நின்றுவிட்டார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர மனமில்லை. முகம் சிவந்தது. மாஸ்டரின் கைகள் விலாப் பக்கம் வந்து தாங்கின. கஸ்பார் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினார்.

மாஸ்டர் கைகளை எடுத்துவிட்டார்.

ராடு டமாரென்று குறுக்குக் கம்பிகளின் மேல் இறங்கி உட்கார்ந்தது. ராடுக்குக் கீழே கஸ்பார் குந்தியபடி இருந்தார். ஒரு கீறல்கூட இல்லை. வெளியே தவழ்ந்து வந்தார்.

"நீங்களுமா மாஸ்டர்?"

மாஸ்டர் பெஞ்சுப் பக்கம் போய் வீடியோவை நிறுத்தினார்.

"விடாதன்னு கத்துதேன், ஏன் விட்டீய?"

"நீங்க என்ன சொன்னீய?"

"விடாதன்னுதான் சொன்னேன். காது கேக்கலயா ஒங்களுக்கு?"

மாஸ்டர் பெஞ்சிலிருந்த போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

கஸ்பார் பார்த்தார். படத்தில் இருந்த கஸ்பார் பாதியில் நின்று நடுங்கினார். விலாவில் மாஸ்டரின் கை பட்டதும் தலையை ஆட்டினார். வாய் திறந்தது.

"விடு! விடு!"

அவருடைய குரல்தான். திரும்பவும் ஓடவிட்டார். மறுபடியும் அதே குரல், அதே சொல். போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். விடாத என்பதன் பின்பாதி எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடினார். இல்லை.

வாலிபத்தில் இன்னாசியின் விரல் நுனி பட்டாலே கஸ்பாருக்குப் பிடிக்காது. "விடுல, நான் தூக்குவேன்" என்று சீறுவார். அடுத்தவன் தொட்டால் அது தன் கணக்கில் சேராதாம். அந்தச் சொல் நாக்கில் அப்படியே தங்கிவிட்டது. மூச்சு முட்டும்போது மனசு ஒன்றை நினைக்க, வாய் தன் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறது.

கஸ்பார் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கும் இதத்தான் சொன்னேனா?"

"ஆமா அண்ணாச்சி."

"நீங்க கேட்டீயளா?"

"கேட்டேன். இன்னாசி அண்ணாச்சியும் கேட்டாவ. நீங்க சொன்னதத்தான் செஞ்சாவ."

"அப்பவே ஏன் எங்கிட்ட சொல்லல?"

மாஸ்டர் உள்ளங்கையில் இருந்த வெள்ளைத்தூளைத் துடைத்தார். "சொல்ல வந்தேன். அவியதான் தடுத்துட்டாவ. வலியோட கெடக்கான், இது வேற தெரிஞ்சா நொந்துபோவான், வேண்டாம் மாஸ்டர்னாவ. எல்லாம் கொஞ்ச நாள்ல சரியாயிரும்னு நானும் விட்டுட்டேன். விட்டுருக்கக் கூடாது. எனக்கும் அது உறுத்திக்கிட்டேதான் இருக்கு."

வெளியே ஒரு டேங்கர் லாரி போனது. ஷெட்டின் தகரம் அதிர்ந்து அடங்கியது.

"அம்புட்டு எடை ஒங்க மேல விழுந்துச்சி. முதுகு பிசகுனதோட போச்சி. எப்படின்னு யோசிச்சீயளா?" என்றார் மாஸ்டர்.

"மாதா காப்பாத்துனான்னு எல்லாருட்டயும் சொன்னேன்."

"நீங்க சாயும்போதே இன்னாசி அண்ணாச்சி எட்டி ராடப் பிடிச்சாவ. ஒத்தக் கையில. இடது கை. நீங்க குப்புறக் கெடந்தீய, பாத்துருக்க மாட்டீய. எல்லாரும் ஒங்களத்தான் தூக்குனோம். அவிய சுவரோரமா கையப் பிடிச்சிக்கிட்டு நின்னாவ. தோள்ல உள்சதை கிழிஞ்சிட்டு."

கஸ்பார் நிமிர்ந்து பார்த்தார்.

"இடது கையா?"

"ஆமா."

பாக்கெட்டுக்குள் இருந்த கை அவருக்கு நினைவு வந்தது. ஒரே கையால் பழப்பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு நின்றது நினைவு வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபோது பின்னால் கேட்ட செருமல்கூட நினைவு வந்தது. ஏதோ சொல்ல வந்திருக்கிறான்.

"வேன் ஓட்டுறது வேற ஆளாச்சே," என்றார். 

"கியர் போட முடியல. கொஞ்ச நாள் ஆள் போட்டுப் பாத்தாவ. கட்டுப்படியாகல. போன மாசம் வேனையே கொடுத்துட்டாவ. இப்ப அந்த ஸ்கூலு கேட்டுலயே வாட்ச்மேனா இருக்காவ."

கஸ்பார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுதார். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். டீக்கடையில் கை அசைத்து, குரல் ஏற்றி, கைவிட்டுட்டான், கைவிட்டுட்டான் என்று. கேட்டவர்களில் பாதிப்பேர் அந்த ஸ்கூலுக்குப் பிள்ளைகளைக் கொண்டு விடுகிறவர்கள். கேட்டில் நிற்கிறவனைப் பார்த்து அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அவன் எப்படித் தலை நிமிர்ந்து நின்றிருப்பான்?

மாஸ்டர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கஸ்பார் குடிக்கவில்லை.

"நான் கூப்பிட்டா வருவானா மாஸ்டர்?"

"வருவாவ. நீங்க கூப்பிட்டு வராம இருக்க ஆளா அவிய?"

"இங்கன? பழையபடி?"

 "வந்து ஒக்காந்து பேசிக்கிட்டு இருப்பாவ. ஒங்க பின்னாடி நிக்க முடியாது அண்ணாச்சி. கை தோளுக்கு மேல போகாது."

கஸ்பார் திரும்பி ரேக்கைப் பார்த்தார். ராடு இன்னும் குறுக்குக் கம்பிகளின் மேல்தான் கிடந்தது. யாரும் எடுத்து வைக்கவில்லை.

உடை மாற்றப் போகும் முன் வைத்த அவருடைய சொந்தப் போன் பெஞ்சில் கிடந்தது. எடுத்தார். திரையில் அந்த மலிவான ஸ்டாண்டு படம் அப்படியே இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.  வந்தபோது கேட்டதையே கேட்டார்.

"எத வாங்கட்டும் மாஸ்டர்?"

"குறுக்குக் கம்பி உள்ளதாப் பாத்து வாங்குங்க அண்ணாச்சி. இரும்புக்குக் காது கெடையாது. நீங்க விடுன்னு சொன்னாலும் அது விடாது."