ஏழு பெண்களும் எதைப் பார்த்தார்கள்?

முன்னொரு காலத்தில் ஆவினங்காட்டை அரிகண்டராயன் என்றொரு ராஜா ஆண்டான். கன்றுக்குட்டி துள்ளி வந்தாலே ஒதுங்கிப் போகிற ஆசாமி. அவனுக்கு வந்த ஆசையைக் கேளுங்கள்: தான் மஞ்சுவிரட்டுக் காளையை அடக்குவதுபோல் ஒரு படம் வேண்டுமாம்! யார் மறுக்கிறது? ஓவியன் வடமலை மூன்று மாதம் கண் நோக வரைந்தான்.

படம் சபைக்கு வந்தது. நடுவில் ராஜா காளையின் திமிலைத் தழுவி நிற்கிறான். மேல்மாடத்தில் பட்டுடுத்திப் பூச்சூடிய ஏழு பெண்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ராஜாவுக்கு வாயெல்லாம் பல்.

ஆஸ்தான பண்டிதர் ஏகாம்பரம் சும்மா இருப்பாரா? வடமலைக்குப் பரிசாகப் பேசியிருந்த கிராமத்தின்மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

“மகாராஜா, அந்தப் பெண்களில் ஒருத்தியாவது தங்களைப் பார்க்கிறாளா? ஏழு பேரும் மாட்டையல்லவா பார்க்கிறார்கள்! மாட்டைவிடத் தாங்கள் மட்டம் என்று வரைந்திருக்கிறான்” என்று கொளுத்திப் போட்டார்.

ராஜா உற்றுப் பார்த்தான். நிஜம்தான். “வெட்டுங்கள் இவன் கட்டைவிரலை!”

“சாமி, விரல் போனால் என் பிழைப்பே போச்சு! காளை இறங்கினால் எல்லார் கண்ணும் அதன்மேல்தானே போகும்? பார்த்ததைத்தான் வரைந்தேன்” என்று வடமலை அழுதான். கேட்டால்தானே!

மந்திரி சாத்தப்பர் தலையில் அடித்துக்கொண்டார். நேற்றுதான் சமையல்காரனின் காதைக் காப்பாற்றியிருந்தார், பாவம். “அரசே, ஒரு நாழிகை பொறுங்கள்” என்று வெளியே போனவர், திரும்பி வந்து சிம்மாசனத்தை ஒட்டி நின்றுகொண்டார்.

அவ்வளவுதான், அரண்மனைக் காளை சபைக்குள் பாய்ந்தது! “ஐயோ அம்மா!” என்று சபையே சுவரோடு ஒட்டிக்கொண்டது. காளை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மாட்டுக்காரன் குரல் கேட்டதும் சமர்த்தாக வெளியே போய்விட்டது.

சாத்தப்பர் நிதானமாகக் கேட்டார்: “பண்டிதரே, காளை வந்தபோது நம் ராஜா என்ன செய்தார்?”

“இதென்ன கேள்வி? என் கண் அவரைவிட்டு அசையவே இல்லையே! சிங்கம்போல் சிம்மாசனத்தில் வீற்றிருந்தார்!”

“ஆமாம், ஆமாம்” என்று சபை முழுக்கத் தலையாட்டியது.

ராஜாவுக்கு வந்ததே கோபம்! “அடப்பாவிகளா! நான் சிம்மாசனத்துக்குப் பின்னால் குந்தி, மந்திரியின் காலைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒருத்தன்கூடவா பார்க்கவில்லை?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“உங்கள் சோற்றைச் சாப்பிடுகிற இவர்களே காளையைத்தான் பார்த்தார்கள், அரசே. படத்துப் பெண்களை என்ன சொல்ல?” என்றார் சாத்தப்பர்.

ராஜாவின் முகம் தொங்கிப்போயிற்று. கிராமத்தை வடமலைக்கே கொடுத்தான். “அசையாத கண் உமக்குத்தானே? ஒரு மாதம் தொழுவத்தில் உட்கார்ந்து அந்தக் காளையையே பாரும்” என்று பண்டிதரை விரட்டினான்.

வடமலை கும்பிட்டுவிட்டுக் கிளம்பினான். ராஜா அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனான்.

“அப்பா, உனக்குப் புண்ணியமாகப் போகட்டும். பார்த்ததை வரைகிறவன் நீ. இன்றைக்குப் பார்த்ததை மட்டும் வரைந்துவிடாதே.”