ஊசித்தட்டானை உடைத்தவள்

சிவநேசன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் படியேறி வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து ஒரு குழாயின் முனை நீட்டிக்கொண்டிருந்தது.

ஃபௌசியா சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். காந்திபுரத்தில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் அவளுடைய பிசியோதெரபி கிளினிக். மூன்று மணிக்கு மேல்தான் முழங்கால்களும் தோள்பட்டைகளும் வரத் தொடங்கும்.

"என்னங்கண்ணா, ஹெல்மெட்டோட? அடி விழும்னு எதிர்பார்த்து வந்தீங்களா?"

"வாத்தியாரே, அந்தப் பொம்பளைய வெளிய அனுப்பிட்டேன்."

"எந்தப் பொம்பளைய?"

"சுகந்திய. ஆட்டத்துக்கு நடுவுல. எந்திரிச்சுப் போன்னுட்டேன்."

ஃபௌசியா குழாயை மூடினாள்.

சிவநேசனுக்கு நாற்பத்தேழு வயது. ஃபௌசியா அவரைவிடப் பதினான்கு வயது இளையவள். ஆனாலும் அவர் அவளை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார். கதை நடத்தக் கற்றது அவளிடம்.

அது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, நான் இதைச் செய்கிறேன் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஆடுபவர் எல்லோர் கண்ணெதிரிலும் உருட்டுவார். நடத்துபவர் ஓர் அட்டைத் திரைக்குப் பின்னால் உருட்டி, விழுந்த எண்ணை வாயால் சொல்வார். பெரிய எண் ஜெயிக்கும். ஆடுபவருக்கு இருபது விழுந்துவிட்டால் மட்டும் அதை மிஞ்ச எதுவும் கிடையாது.

திரைக்குப் பின்னால் விழுந்ததைக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. கேட்பது அவமரியாதை.

எந்த மேசையில் சண்டை வந்தாலும் கோயம்புத்தூரில் இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் ஃபௌசியாவிடம்தான் வருவார்கள். அவள் சொல்வது முடிவு.

சிவநேசன் நோயாளிகள் படுக்கும் மேசையின் மேல் பையைக் கவிழ்த்தார். ஒரு விண்கலம் வெளியே வந்தது. பிவிசி குழாய், பழைய வால்வுகள், சீரியல் பல்பு. இரண்டு பாதிகளாகச் செய்து, நடுவில் மரையிட்டு இணைக்கும்படி அமைத்திருந்தார். இப்போது இரண்டும் தனித்தனியாகக் கிடந்தன.

"பாருங்க. நல்லாப் பாருங்க."

"இதை அவங்களா கழட்டினாங்க?"

"இது நான் கழட்டினேன். ஆத்திரத்துல."

பரீட்சைத் தாளின் கடைசிப் பக்கத்தில் விண்கலம் வரைந்து அடி வாங்கியவர் சிவநேசன். கல்யாணத்தன்று மண்டபத்து அறையில், கையடக்க வீடியோ கேமில் அரக்கனைக் கொன்றுவிட்டுத்தான் மணமேடைக்குப் போனார். வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியில், வரைபடத்துக்கு அடியில் எப்போதும் ஒரு விண்வெளிக் கதைப் புத்தகம் இருக்கும். அத்தனையையும் சேர்த்துப் பிழிந்து அவர் உண்டாக்கிய கப்பல் ஊசித்தட்டான். வேறொரு சூரியனை நோக்கி முந்நூறு வருடம் போக வேண்டிய கப்பல். அதற்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே சாகும் மனிதர்கள். வெள்ளிக்கிழமை மட்டும் மழை. அங்கே பிறந்த குழந்தைகளுக்கு வானம் என்றால் ஆணி அடித்த கூரை.

"என்ன பண்ணினாங்க?" ஃபௌசியா கேட்டாள்.

"பின்பாதியைக் கழட்டி விட்டுட்டா. என்ஜினோட. முன்பாதி அப்படியே அந்தரத்துல நிக்குது. இனி எங்கயும் போகாது. கதை அவ்வளவுதான்."

"பின்பாதில இருந்த ஜனங்க?"

"பூச்சி மருந்து அடிக்கணும்னு சொல்லி எல்லாரையும் போன மாசமே முன்பக்கம் அனுப்பிட்டா. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்! பின்னாடி இருந்தது வேழன் மட்டும்தான்."

"தளபதி வேழன். உங்க ஆளு."

"என் ஆளுன்னா என்ன அர்த்தம்? நடத்தறவனுக்கும் நாலு பாத்திரம் இருக்கும். கதைக்கு அவர்தான் உசுரு."

"சரி. எப்படிக் கழட்டினாங்க?"

"வேழன் பேசிட்டிருக்கார். அந்தப் பேச்சை எழுத எனக்கு ஒரு மாசம் ஆச்சு. பாதியில கையைத் தூக்கறா. நான் இணைப்பைக் கழட்டறேன்ங்கறா. வாராவாரம் இதே ரோதனை. மத்தவங்க புதுக் கிரகம், புது ஜந்துன்னு எங்கெங்கயோ போவாங்க. இவ மட்டும் ஸ்பேனரைத் தூக்கிட்டு அந்த இணைப்புக்கிட்டயே போய் நிப்பா. உருட்டுவா. தோப்பா. ஒண்ணும் சொல்லாம உக்காந்துக்குவா. அடுத்த ஞாயிறு மறுபடியும். இந்தத் தடவை இருபது விழுந்துருச்சு."

"விழுந்தா விழுந்ததுதானே?"

"எனக்குச் சட்டம் சொல்லாதீங்க வாத்தியாரே!" சிவநேசன் மேசையில் அறைந்தார். பின்பாதி உருண்டு சுவரோரம் நின்றது. "ரெண்டு வருஷ உழைப்பு. ஒரு கோர்ட் ஸ்டெனோ வந்து ஒரே வரியில முடிச்சுட்டுப் போவாளா? மத்த மூணு பேரும் அவ பக்கம் பேசறாங்க. ஃபௌசியாக்கா என்ன சொல்றாங்களோ அதுக்குக் கட்டுப்படறோம், இல்லேன்னா இனி வரமாட்டோம்ங்கறாங்க. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அது செல்லாதுன்னு. ஞாயித்துக்கிழமை ஊசித்தட்டான் முழுசா இருக்கணும்."

ஃபௌசியா கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேசைக்கு அந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டாள்.

"திரை கொண்டு வந்திருக்கீங்களா?"

"அது எப்பவும் பையிலதான் இருக்கும்."

கருநீல அட்டையில் வெள்ளைப் பெயிண்டால் நட்சத்திரம் தெளித்த திரை. அதை வாங்கித் தன் முன்னால் நிறுத்தினாள்.

"நீங்க சுகந்தியா இருங்க. கப்பலை நான் நடத்தறேன்."

"வெளையாடற மனநிலையில நான் இல்லை."

"நானும் இல்லீங்கண்ணா. மூணு மணிக்கு ஒரு தோள்பட்டை வருது. உக்காருங்க."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். பையிலிருந்து ஒரு பகடையை எடுத்துக்கொண்டார்.

"இணைப்பு அறை," என்றாள் ஃபௌசியா. "கதவு பூட்டியிருக்கு. என்ன பண்றீங்க?"

"பூட்டை உடைக்கறேன்." உருட்டினார். பதினேழு.

திரைக்குப் பின்னால் கடகடவென்று சத்தம். "பதினெட்டு. உடையலை."

"சரி. காத்துக் குழாய் வழியா ஊர்ந்து போறேன்." பதினைந்து.

கடகட. "பதினாறு. குழாய் அடைச்சிருக்கு."

சிவநேசன் சிரிக்க முயன்றார். "இன்னைக்கு உங்களுக்குக் கை நல்லா ஓடுது."

"வேழன் வர்றார்," என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மக்களே, நாம் பயணிகள் அல்ல. நாம் விதைகள். விதை தன் மண்ணைக் கேட்பதில்லை..."

அவர் எழுதிய பேச்சு. ஒருமுறை அவர் வீட்டு மேசையில் அதன் தொடக்கத்தை அவள் கேட்டிருந்தாள். மீதியை இட்டுக்கட்டிக்கொண்டு போனாள். விதை முளைத்தது, இலை விட்டது, நிழல் தந்தது.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றார் சிவநேசன்.

"வேழன் பேசி முடிக்கட்டும்."

இலைக்குப் பிறகு பூ வந்தது.

"போதும். அவனைத் தள்ளிட்டுக் கதவுகிட்டப் போறேன்." பகடையை வீசினார். பத்தொன்பது. "இப்பச் சொல்லுங்க!"

கடகட. "எனக்கும் பத்தொன்பது. சமமா வந்தா வேழனுக்கு. அவர் உங்களைக் கையாலேயே தடுத்து, மன்னிச்சு விடறார். அவர் கண்ணுல கருணை. பேச்சைத் தொடர்றார். மக்களே..."

சிவநேசனின் காது மடல் சிவந்திருந்தது.

"காட்டுங்க."

"என்னத்த?"

"விழுந்ததை."

"அப்படிக் கேக்கக் கூடாதுங்கண்ணா. உங்களுக்குத் தெரியாததா?"

"காட்டுங்கன்னா!"

கையை வீசித் திரையைத் தட்டிவிட்டார். அட்டை பறந்து எடை பார்க்கும் மெஷின் மேல் விழுந்தது.

ஃபௌசியாவின் முன்னால் பகடை இல்லை. வலிக்குத் தடவும் களிம்பு டியூபின் மூடி ஒன்று இருந்தது.

"நீங்க உருட்டவே இல்லை."

"சத்தம் வந்துச்சே."

"ஏமாத்தறீங்களா என்னை? இதுக்கா நான் ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு வந்தேன்?"

ஃபௌசியா எழுந்தாள். அவள் குரல் அவ்வளவு உயர்ந்து அவர் கேட்டதில்லை.

"மூணே மூணு உருட்டு! மூணுக்கே அட்டையைத் தட்டி விட்டீங்க. அந்தம்மா ரெண்டு வருஷம் உக்காந்திருக்காங்க."

"நான் ஒருநாளும் உருட்டாமச் சொன்னதில்லை!"

"உருட்டிட்டு மாத்திச் சொன்னீங்க."

"யார் சொன்னா? சுகந்தியா? அவ இங்க வந்தாளா?"

"அவங்க யார்கிட்டயும் வரலை. உங்க வீட்டுல நீங்க உக்கார்ற நாற்காலிக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"என்ன இருக்கு, பீரோ இருக்கு. கல்யாணத்துக்குக் கொடுத்த..."

நிறுத்தினார்.

கதவு நீளத்துக்குக் கண்ணாடி பதித்த பீரோ. அதற்கு நேர் எதிரே இருப்பது சுகந்தியின் நாற்காலி.

கீழே மருந்துக் கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போடுவது கேட்டது.

"நீங்களும் பாத்தீங்களா?" சிவநேசன் கேட்டார்.

"ஒருநாள் அவங்க வரலை. அவங்க நாற்காலியில உக்காந்தேன். கண்ணாடியில ரெண்டு தெரிஞ்சுது. நீங்க பதினேழுன்னீங்க."

"அன்னைக்கு ஏன் சொல்லலை?"

"தலைவலின்னு எந்திரிச்சு வந்துட்டேன். எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு. நான் சொல்லிக்கொடுத்த ஆட்டம்."

"அந்த ரெண்டைச் சொல்லியிருந்தா வேழன் அன்னைக்கே செத்திருப்பார், வாத்தியாரே!"

"சாகட்டும்."

"கதை என்ன ஆகும்?"

"செத்த பின்னாடி ஆகறதுதான் கதை. நாலு பேர் வேலை வெட்டியை விட்டுட்டு ஞாயித்துக்கிழமை வந்து உக்கார்றாங்க. எதுக்கு? உங்க தளபதி சாகமாட்டார்ங்கறதை வேடிக்கை பாக்கவா? அதுக்கு எதுக்குப் பகடை? எதுக்குத் திரை? நீங்களே புத்தகமா எழுதிக்க வேண்டியதுதானே!"

சிவநேசன் குனிந்து, சுவரோரம் கிடந்த பின்பாதியை எடுத்தார். உள்ளே ஒரு சீரியல் பல்பு கழன்று ஆடியது. அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பொருத்தினார்.

"கண்ணுல விழுந்தும் அவ ஒரு வார்த்தை சொல்லலை," என்றார். "எந்திரிச்சும் போகலை. அவளுக்கு என்ன தலையெழுத்து? வேற மேசையா இல்லை?"

"நீங்க அந்தக் கப்பலை நேசிச்சீங்க. அவங்க நேசிக்கலைன்னு யார் சொன்னா?"

"நேசிச்சவளா உடைப்பா?"

"எல்லாரையும் முன்பக்கம் அனுப்பிட்டுத்தானே உடைச்சாங்க."

அவர் மரையில் இரண்டு பாதிகளையும் வைத்துத் திருகப் பார்த்தார். மரை பிடிக்கவில்லை.

"பீரோவை வேற ரூமுக்கு மாத்திடறேன்," என்றார்.

ஃபௌசியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை விலகவில்லை. அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி. சரி. திரையை எடுத்துடறேன். இனி எல்லார் முன்னாடியும் உருட்டறேன். சுகந்தி வீட்டுக்கு நானே போய்க் கூப்பிடறேன். மத்த மூணு பேர் முன்னாடி மன்னிப்புக் கேக்கச் சொன்னாலும் கேக்கறேன்."

ஃபௌசியா எடை மெஷின் மேல் கிடந்த திரையை எடுத்து மடித்து அவர் பையில் வைத்தாள். களிம்பு மூடியை டியூபில் போட்டுத் திருகினாள்.

"இவ்வளவு பண்றேன்ல?" சிவநேசன் கப்பலின் இரு பாதிகளையும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். ஊசித்தட்டானைத் திருப்பிக் கொடுத்துடுங்க. பின்பாதி கழண்டது நடக்கவே இல்லைன்னு சொல்லிடுங்க. மத்த எல்லாத்தையும் நான் நேர் பண்ணிக்கறேன்."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மூன்று மணித் தோள்பட்டை வந்துகொண்டிருந்தது. ஃபௌசியா மேசை விரிப்பை உதறிப் போட்டாள்.

"அண்ணா," என்றாள், "ரெண்டு வருஷத்துல அந்தக் கப்பல்ல நிஜமா நடந்தது அது ஒண்ணுதான்."