தட்டில் ஏறாத துணிக்கட்டு

“அம்மை, அந்தத் தையல் அறை எனக்கு அடங்க மாட்டேங்குது. வேற வேலை குடுங்க.”

உலகம்மாள் வாசலிலேயே நின்று சொன்னாள். உள்ளே போய் உட்கார்ந்தால் அழுதுவிடுவோமோ என்று அவளுக்குப் பயம்.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“என்ன செய்யுது அந்த அறை?”

“அடுக்குதேன். கலைஞ்சு போகுது. திரும்ப அடுக்குதேன். திரும்பவும் கலைஞ்சு போகுது.”

“எலியா?”

“எலி இல்ல.”

“பிச்சம்மாளா?”

“அவளா? சோத்துக்கு மணி அடிச்சாத்தான் மெஷினை விட்டு எழுந்திரிப்பா.”

“அப்ப யாருன்னு பாக்கணுமே” என்றாள் அம்மை. “நாளைக்கு நான் வந்து உக்காருதேன்.”

மலையடிவாரத்து மடம் அது. அங்கே எல்லாருக்கும் அவள் அம்மை. உலகம்மாளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். முன்பிருந்த அம்மை கண்ணை மூடியபின் அவளுடைய பாயில் மடத்துத் தலைவியாக உட்கார்ந்தவள். அவள் உலகம்மாளை அக்கா என்பாள். உலகம்மாள் அவளை அம்மை என்பாள். வந்த புதிதில் உலகம்மாளுக்கு அது தொண்டையில் சிக்கியது. தங்கச்சி வயசுக்காரியிடம் போய்க் கைகட்டி நிற்பதா?

நின்றாள். வேறு வழியில்லை.

அவளுடைய ஒரே மகள் செவ்வந்தி. ஊர்க் கோயில் கொடைக்கு உடுத்தப் புது ரவிக்கை வேண்டும் என்று கேட்டாள். உலகம்மாள் துணியை விரித்து, அளவு ரவிக்கையை மேலே வைத்து, வெட்டி முடித்தாள். நாளைக்குத் தைக்கலாம் என்று சுருட்டிக் கட்டிவைத்தாள். அன்று சாயந்திரம் செவ்வந்திக்குக் காய்ச்சல் வந்தது. கொடைக்கு மேளம் கொட்டும்போது அவள் இல்லை.

அந்தக் கட்டோடுதான் உலகம்மாள் மடத்துக்கு வந்தாள்.

“தூக்கம் வரல அம்மை. எதையாவது சொல்லிக் குடுங்க. கண்ணை மூடணும், அது போதும் எனக்கு.”

அம்மை அன்றைக்கு அவளையும் பார்த்தாள், அவள் இடுக்கியிருந்த கட்டையும் பார்த்தாள்.

“தைக்கத் தெரியுமா, அக்கா?”

“தெரியும்.”

“தையல் அறை குப்பையாக் கிடக்கு. அதை ஒழுங்கு பண்ணுங்க.”

அவ்வளவுதான் உபதேசம்.

குப்பை என்றால் சாதாரணக் குப்பை இல்லை. ஊர்க் கடைகளில் இருந்து தானமாக வந்த துணி ஒரு பக்கம். நூல்கண்டுகள் சிக்குப் பிடித்து ஒரு பக்கம். கொக்கியும் பித்தானும் ஒரே டப்பாவில். எலாஸ்டிக் கருவாடு மாதிரி காய்ந்து கிடந்தது. உலகம்மாள் எல்லாவற்றையும் தட்டினாள், உதறினாள், வெயிலில் காட்டினாள். பித்தானுக்குத் தனி பாட்டில், கொக்கிக்குத் தனி பாட்டில் வைத்தாள். தட்டுகளைத் துடைத்து, பூச்சி வராமல் வசம்பைத் துணியில் முடிந்து மூலைக்கு மூலை போட்டாள்.

வெட்டாத துணி மேல் தட்டில். வெட்டிய கட்டு நடுத்தட்டுகளில். வெட்டிய துண்டுகளை அளவுச் சட்டையோ அளவு ரவிக்கையோ வைத்துச் சுருட்டி, துணி ஓரத்தில் கிழித்த கரைத்துண்டால் கட்டிவைப்பார்கள்.

அந்தக் கட்டுகளை அடுக்க மடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. வருகிறவர்களும் போகிறவர்களுமாக இருக்கிற இடம். போய்விட்டவருடைய துணி தட்டை அடைத்துக்கொண்டு கிடக்கக் கூடாது. அதனால் கட்டை வைக்கிறவள் ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும். மெஷினில் இருக்கிறவள் “வருவாங்களா?” என்று கேட்பாள். வருவார் என்றால் கட்டு தட்டில் ஏறும். வரமாட்டார் என்றால் கீழே கூடையில் விழும். கூடையில் விழுந்தது பிள்ளைகளுக்குச் சட்டையாகும். அதற்கும் ஆகாதது தலையணைக்குப் பஞ்சோடு பஞ்சாகப் போகும்.

மறுநாள் அம்மை வந்தாள். ஒரு மூலையில் உட்கார்ந்து, சிக்கு விழுந்த நூல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

உலகம்மாள் அடுக்க ஆரம்பித்தாள்.

“சமையல்கட்டு ஆவுடை.”

“வருவாங்களா?” பிச்சம்மாள் தையலில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“வருவா. இங்க சோறு இருக்கிற வரைக்கும் எங்க போகப்போறா?”

தட்டு.

“பூக்கட்டுற மூக்கையா.”

“வருவாங்களா?”

“பழனிக்குப் போனவரு அங்கேயே ஒரு கடையில உக்காந்துட்டாராம். வரமாட்டாரு.”

கூடை.

“மாட்டுக்கொட்டில் இசக்கி.”

“வருவாங்களா?”

“வருவா. போன தடவை தைச்சதே இறுக்கிப் பிடிக்குதாம். உன் தையல் குறைஞ்சுதா, அவ உடம்பு கூடிச்சான்னு நீங்களே பேசிக்கிடுங்க.”

பிச்சம்மாள் சிரித்தாள். அம்மையும் சிரித்தாள். அறை நிறைந்துகொண்டே வந்தது. தட்டுகள் பார்க்க அழகாக இருந்தன. தரை தெரிந்தது. மேஜை தெரிந்தது.

மேஜையில் ஒரே ஒரு கட்டு இருந்தது. அதை உலகம்மாளின் துண்டு மூடியிருந்தது.

உலகம்மாள் மேஜைப் பக்கம் திரும்பினாள். நின்றாள். பிறகு தட்டுப் பக்கம் திரும்பினாள்.

“அடக் கடவுளே! இந்தப் பச்சையை ஜன்னலுக்கு நேராவா வச்சேன்? வெயில் பட்டா நிறம் போயிருமே.”

பச்சையை இழுத்தாள். அதன்மேல் இருந்தது சரிந்தது. சரிந்ததை எடுத்து வைக்க அடுத்த தட்டைக் காலி செய்தாள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் தரைக்கு வந்துவிட்டது.

“பாத்தீங்களா அம்மை?” என்றாள் மூச்சு வாங்க. “இப்படித்தான்.”

“பாத்தேன்” என்றாள் அம்மை. சிக்கெடுத்த நூலைச் சுற்றி வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கு மறுநாளும் வந்தாள். அன்றும் தட்டுகள் நிறைந்தன. தரை தெரிந்தது. மேஜை தெரிந்தது.

“இந்தச் சுவர் ஓதம், ஈரம் ஊறுது” என்றாள் உலகம்மாள். “ஓதத்துல துணியை வச்சா கரும்புள்ளி விழுந்திரும். எல்லாத்தையும் அந்தப் பக்கம் மாத்தணும்.”

அம்மை எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை அழுத்தினாள். அந்தக் கையை உலகம்மாளிடம் நீட்டினாள்.

உலகம்மாள் தொட்டுப் பார்த்தாள். காய்ந்த சுண்ணாம்புத் தூள்.

“மழைக்கு ஓதம் ஏறும்” என்றாள் உலகம்மாள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. “உங்களுக்கு என்ன தெரியும்? துணியைப் பத்தித் தெரியுமா உங்களுக்கு?”

பிச்சம்மாளின் மெஷின் நின்றது. அம்மையிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

“தெரியாது, அக்கா” என்றாள் அம்மை.

தட்டுப் பக்கம் போனாள். இரண்டு கையாலும் நடுத்தட்டை வாரித் தரையில் போட்டாள்.

“என்ன செய்யுதீங்க!”

அடுத்த தட்டு. அதற்கு மேல் தட்டு. மல் துணி, சீட்டித் துணி, ஆவுடை, இசக்கி, எல்லாம் ஒரே குவியல். பித்தான் பாட்டில் உருண்டு மெஷின் காலில் முட்டி நின்றது. உலகம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அய்யோ, காலையில இருந்து அடுக்கினேனே! என் வேலையெல்லாம் போச்சே!”

“எப்படியும் நீங்களே கலைக்கப் போறீங்க. உங்களுக்கு இடுப்பு வலிக்கும்னு நான் கலைச்சேன்.”

அம்மை அந்தக் குவியலின் மேலேயே ஏறி, அடை காக்கிற கோழி மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

“இப்ப அடுக்குங்க.”

“எழுந்திரிங்க, எடுக்கணும்ல.”

“இதுல இருந்து வேண்டாம். மேஜையில இருக்கிறதுல இருந்து ஆரம்பிங்க.”

உலகம்மாள் மேஜையில் இருந்த துண்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“அது மடத்துத் துணி இல்ல.”

“இந்த அறையில இருக்கு.”

“அது என்னோடது.”

“உங்க அளவா?”

உலகம்மாள் நிமிர்ந்தாள். எதிரே தட்டுகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. அந்த அறையில் இத்தனை இடத்தை அவள் பார்த்ததே இல்லை. எந்தத் தட்டிலும் வைக்கலாம். எங்கேயும் இடமில்லை என்று சொல்ல முடியாது.

துண்டை விலக்கினாள். கட்டை எடுத்தாள். வெள்ளைப் பூப்போட்ட நீலத் துணி. உள்ளே அளவு ரவிக்கை. அதை அவள் துவைக்கவே இல்லை. தினமும் ஒரு முறை முகத்தில் வைத்துப் பார்ப்பாள். வாசனை போய் வெகுநாளாகிவிட்டது என்பது அவளுக்கும் தெரியும்.

தட்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

“பேரு சொல்லுங்க” என்றாள் அம்மை.

உலகம்மாள் கட்டை நெஞ்சோடு அணைத்தாள். பிறகு சொன்னாள்.

“செவ்வந்தி.”

அந்த அறையில் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்துக் கேட்க வேண்டியவள் பிச்சம்மாள். அவள் மெஷின் சக்கரத்தைப் பிடித்தபடி அம்மையைப் பார்த்தாள்.

“நான் கேக்கமாட்டேன் அம்மை.”

“கேளு.”

“என்னால முடியாது. பாவம், அவளே…”

“எல்லாருக்கும் கேக்குதேல்ல? கேளு.”

பிச்சம்மாள் குனிந்துகொண்டாள். ஊசியைப் பார்த்துக் கேட்பது போலக் கேட்டாள்.

“வருவாளா?”

வருவா என்று சொல்லிவிடலாம். யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். கட்டு தட்டில் ஏறிவிடும். ராத்திரியெல்லாம் பாயில் புரண்டு அவள் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்? சைக்கிள் மணி கேட்டால் அதைத்தான் சொன்னாள். வாசல் கதவை யாராவது தள்ளினால் அதைத்தான் சொன்னாள்.

அம்மை அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வரமாட்டா” என்றாள் உலகம்மாள்.

ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சு இலேசாகவில்லை. கூடையருகே குனிந்து கட்டை உள்ளே வைத்தாள். கையை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

அம்மை குவியலில் இருந்து எழுந்தாள். முந்தானையில் ஒட்டிய நூலைத் தட்டிவிட்டாள்.

“அடுத்தது யாருக்கு, அக்கா?”

உலகம்மாள் குனிந்து ஒரு கட்டை எடுத்தாள். அது யாருடையது என்று தெரிய, அவள் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.