வடத்தின் மறுமுனை

நானூற்றுப் பதினேழு பணம். முன்னொரு காலத்தில் உத்தண்டன் என்றொரு ராசா, தன் பேர் சொல்ல ஒரு குளம் வெட்டிக்கொண்டு, வெட்டினவர்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்த கூலி அது. குளத்தில் தண்ணீர் நின்று தாமரையும் பூத்துவிட்டது. கூலி மட்டும் வரவில்லை.

கேட்க ஆள் இல்லாமல் இல்லை. அந்தச் சபையில் ராசாவுக்கு நேர் எதிரே ஏழு பேர் உட்காரும் எதிர்வரிசை உண்டு. ராசா செய்வது தப்பென்றால் தப்பென்று சொல்வதுதான் அவர்கள் வேலை. ஆனால் தலைவர் என்ன செய்கிறாரோ அதைத்தான் மற்ற ஆறு பேரும் செய்ய வேண்டும் என்று வழக்கம். தலைவர் அம்பலவாணரோ எழுவார், சால்வையைச் சரிசெய்வார், "மகாராசா சொன்னதையே நானும் சொல்ல வந்தேன்" என்று உட்கார்ந்துவிடுவார். கடைசியில் இருக்கும் உப்பு வியாபாரி ஆவுடை பல்லைக் கடித்துக்கொள்வாள்.

குளம் வெட்டினவர்கள் தினமும் கோட்டை வாசலில் விகடகவி மாடப்பனை மறித்துக் கேட்டார்கள். ஒருநாள் அவன் சபையிலேயே சொல்லிவிட்டான்: எதிர்வரிசைக்குத் திடமான தலைவர் வேண்டும், அது மகாராசாவுக்கே நல்லது என்று.

மாடப்பன் என்றாலே வயிறெரிகிற பிரதானி திருமேனி, ராசாவின் காதில் ஏதோ ஓதினார். ராசா சிரித்துக்கொண்டே கட்டளையிட்டார்.

"என்னை எதிர்க்க ஆளில்லாததால் எனக்கு என்ன கேடு? வாய்ப்பேச்சு வேண்டாம், இந்த உடம்புக்குத் தெரியும்படி காட்டு. ஆனால் என்மேல் ஒருவர் விரலும் படக் கூடாது. காட்டாவிட்டால் கூலிப் பாக்கி தள்ளுபடி. நீயும் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும்."

பிரதானி மீசையைத் தடவிக்கொண்டார். தொடாமல் உடம்புக்கு எப்படித் தெரியும்?

மாடப்பன் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலை வடம் ஒன்றை முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னான். ஒரு முனை ராசா கையில். மறுமுனை எதிர்வரிசையின் கையில், முன்னால் அம்பலவாணர். ராசா இளவயதில் மல்யுத்தம் பழகியவர். சந்தோஷமாகக் கச்சையை இறுக்கிக்கொண்டு, பின்னால் சாய்ந்து முழுப் பலத்தோடு இழுத்தார்.

ராசாவையா எதிர்த்துப் பிடிப்பது என்று பதறிய அம்பலவாணர், வடத்தை விட்டுவிட்டுக் கும்பிட்டார். தலைவர் விட்டதால் ஆறு பேரும் விட்டார்கள். ராசா மல்லாக்க விழுந்தார். தலைப்பாகை உருண்டு பிரதானியின் காலடியில் போய் நின்றது.

"யார் என்னைத் தள்ளியது?"

"யாரும் தொடவில்லை, மகாராசா. எதிரே பிடிக்க ஆளில்லை, அவ்வளவுதான். உடம்புக்குத் தெரிந்ததா?"

பிரதானி குறுக்கே பாய்ந்தார். திடமான ஆள் பிடித்திருந்தால் மகாராசா குப்புற விழுந்திருப்பாரே என்றார். அதையும் பார்த்துவிடலாம் என்று சொல்லி, மாடப்பன் எதிர்வரிசையிடம் யார் முன்னால் நிற்பது என்று கேட்டான். எல்லாரும் ஆவுடையைத்தான் பார்த்தார்கள். அம்பலவாணர் நிம்மதியாகப் பின்னால் போனார்.

ஆவுடை சேலையை இழுத்துச் செருகி, குதிகாலை மண்ணில் ஊன்றினாள். இழுக்கவில்லை, விடவும் இல்லை. ராசா மறுபடி சாய்ந்து இழுத்தார். எவ்வளவு சாய்ந்தும் விழாமல் வடத்தில் தொங்கினாற்போல நின்றார்.

"மகாராசா, குளம் வெட்டுனவங்க கூலி என்னாச்சு?" என்றாள் ஆவுடை.

"முதலில் வடத்தை விடு. பிறகு பேசலாம்."

"இப்ப விட்டா விழுந்துருவீங்க. கூலியைக் குடுங்க, மெதுவா விடுறேன்."

கூலி, கூலி என்று பின்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "நானும் அதையேதான் சொல்ல வந்தேன்" என்றார் அம்பலவாணர்.

ராசாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் கை நழுவப் பார்த்து, மறுபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "மாடப்பா, என் கைக்கு ஓய்வில்லை. இந்த முத்துமாலையை நீயே கழற்றிப் போட்டுக்கொள். இப்போது தொடலாம்" என்றார். பொக்கிஷத்தைத் திறந்து கூலியை எண்ணும் வேலையைப் பிரதானிக்குக் கொடுத்தார்.

பிரதானி குனிந்து ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். நானூற்றுப் பதினேழாவது பணம் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் ஆவுடை பிடியைத் தளர்த்தினாள்.